மதிப்பெண் மூட்டை

கல்லூரியில் ஒரு இடம்தான் இருந்தது. அதற்கு நானும் தங்கப்பழமும் மனு போட்டிருந்தோம். ரெண்டு பேரும் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள். முதியோர் பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர்கள். ரெண்டு பேருக்கும் மதிப்பெண் நானூற்றுப் பதினொன்று.

அந்த இடத்தை நான் போய்ப் பார்த்திருந்தேன். ஜன்னலோரம். சாய்வு வைத்த பலகை. முப்பத்தாறு வருசமாக நின்ற கால் எனக்கு. அந்தப் பலகையில் ஒருத்தன் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யாரும் எழுப்ப முடியாதாம்.

குமாஸ்தா மேசை இழுப்பறைக்குள் இருந்தார். இழுத்தால் பேசினார்.

"மதிப்பெண் சமம். வயதில் மூத்தவருக்கு இடம். பிறந்த தேதி?"

"மே முப்பத்தொண்ணு, சார்" என்றேன்.

"மே முப்பத்தொண்ணு" என்றான் தங்கப்பழம்.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அதே தேதி, அதே வருசம். பிறந்த நாள் யாருக்கும் தெரியாததால் டீச்சர் ஒரே மாதிரி போட்டுவிட்டார்.

"பிறந்ததும் முதலில் அழுதது யார்?"

"இவரு இன்னும் அழவே இல்ல, சார். மொகத்தப் பாருங்க" என்றான் தங்கப்பழம்.

குமாஸ்தா என் முகத்தைப் பார்த்தார். குறித்துக்கொண்டார்.

"அப்படியென்றால் அவரவர் மதிப்பெண்ணை மாடிக்குக் கொண்டுபோங்கள். தலைச்சுமையாக. முதலில் இறக்கி வைப்பவருக்கு இடம்."

இழுப்பறை மூடிக்கொண்டது.

மதிப்பெண்கள் படிக்கட்டின் அடியில் ரெண்டு மூட்டைகளாகக் கிடந்தன. வாயைச் சணலால் தைத்திருந்தார்கள். என்னுடையதைத் தட்டிப் பார்த்தேன். நூறு கிலோ இருக்கும். கணக்குப் பாடம் அடியில் கெட்டியாக இருந்தது.

நூறு கிலோவை ஒருத்தன் தானே தன் தலையில் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. இன்னொருத்தன் கை கொடுக்க வேண்டும். கேட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. பகையாளி கேட்டாலும் கொடுத்துவிட்டுத்தான் பகை. மண்டியில் அதுதான் சட்டம். ஆக, முந்திக் கேட்டவன் முந்தி ஏறுவான்.

நான் கேட்க வாயைத் திறந்தேன். அப்போது சுவரில் ஒரு பலகை தெரிந்தது. எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க என்னால் முடியாது. நாற்பத்தெட்டு வயதில் வந்த பழக்கம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'படிக்கத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை.'

"கை குடும்வே" என்றான் தங்கப்பழம்.

என் கை போய்விட்டது. தூக்கி ஏற்றினேன். தலைச் சும்மாட்டைச் சரிசெய்தும் விட்டேன்.

"எனக்கு யாருவே ஏத்துவா?"

"மேல போயி ஆளனுப்புதேன்."

"அனுப்புவீரா?"

"அனுப்பாட்டா என்ன செய்வீரு? எழுதிப் போடுவீரோ?"

சிரித்துக்கொண்டே ஏறினான்.

அவன் ஏற ஏற மாடி தள்ளிப்போனது. மதியம் அவன் குதிகால் மட்டும் தெரிந்தது. சாயங்காலம் இருமல் மட்டும் கேட்டது. ஆள் வரவில்லை.

மறுநாள் காலையில் குரல் வந்தது.

"வே! வந்துட்டேன். இங்க ஒருத்தரும் இல்ல. இறக்கிவிட வாரும்வே. கீழ போட்டா பெயிலாம்."

நான் இழுப்பறையை இழுத்தேன்.

"இடம் போய்விட்டதா, சார்?"

"இன்னும் இறக்கவில்லையே. காலியாகத்தான் இருக்கிறது."

மெதுவாகத் தள்ளி மூடினேன்.

"வே! கேக்குதா?"

கேட்டது. என் கை ரெண்டும் தானாக மேலே எழுந்தன. அவற்றைப் பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்து, என் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் 'வே' போய்விட்டது. "அண்ணாச்சி" என்றான். நான்காம் நாள் "சார்" என்றான். என்னை யாரும் சார் என்றதில்லை. நன்றாக இருந்தது.

அப்புறம் அவன் கூப்பிடவில்லை. மூட்டை விழுந்த சத்தமும் இல்லை. நூறு கிலோ விழுந்தால் எனக்குத் தெரியும்.

இன்று அவனுடைய வேர்வை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. கடைசிப் படியில் கொஞ்சம் நின்றது. பிறகு தரையில் பரவி என் பக்கம் வந்தது.

கால்களைத் தூக்கி மூட்டைமேல் வைத்துக்கொண்டேன்.