பி.பி. நம்பர்

வேலை தேடுவதையே ஒரு வேலையாகச் செய்தவன் குமரேசன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் விளம்பரங்களைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுவான். பயோடேட்டாவை டைப் அடித்து, இருபது ஜெராக்ஸ் எடுத்து, சர்டிபிகேட் நகல்களில் அரசு டாக்டரின் பச்சை மைக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தான். இன்டர்வியூவில் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய ஆறு ஆங்கில வரிகளைக் குளிக்கும்போதுகூட முணுமுணுத்தான். ஆரணியில் இவ்வளவு ஒழுங்காக வேலை தேடியவன் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். இருந்து என்ன புண்ணியம்?

பி.காம். முடித்துவிட்டு ஏழு வருடம் பட்டுத் தறியில்தான் உட்கார்ந்திருந்தான். தொண்ணூற்றொன்பது ஜூனில் ஒருநாள், வெளியே வேலை தேடப் போகிறேன் என்று அப்பாவிடம் வாய்விட்டுச் சொன்னான். வீரபாகு கெடு வைத்தார்.

"தறியில இருக்கிற பாவு ஒண்ணு, அடுத்த பாவு ஒண்ணு. ரெண்டும் நெய்து முடியறதுக்குள்ள வேலை கெடச்சா போ. இல்லன்னா அந்தப் பேச்சையே எடுக்காத, வந்து தறியில உக்காரு."

தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல்தான் பாவு; இரண்டு பாவு என்றால் ஆறு புடவை, மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அவன் இடத்தில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவள் மனைவி திலகவதி. உட்கார்ந்த அன்றைக்கே வயிற்றில் ஐந்து மாதம். சாயங்காலம் அவள் சுவரைப் பிடித்து எழுந்திருக்கும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். குமரேசனுக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருக்கும். பார்க்காதவன் போலப் பேப்பரைப் புரட்டுவான்.

நான்கு இன்டர்வியூவுக்குத் தெருவுக்கே சொல்லிவிட்டுப் போனான். நான்கு தடவையும் வெறுங்கையோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். "இன்னா கொமரேசா, ஆபீசர் ஆயிட்டியா?" என்று கேட்காத வாய் இல்லை. ஐந்தாவது தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. திலகவதியிடம்கூட.

அது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி. ஸ்டோர் கணக்கு எழுதும் வேலை. ஆறு வரிகளையும் திக்காமல் சொன்னான். மானேஜருக்குப் பிடித்துப்போயிற்று.

"லெட்டர் போட்டுகினு இருக்க டைம் இல்லப்பா. திங்கக்கிழமை ஆள் உக்காரணும். வியாழக்கிழமை பத்துலேர்ந்து பதினொண்ணுக்குள்ள போன் பண்ணுவோம். எடுத்தா வேலை உனக்கு. இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆள்." பயோடேட்டாவைத் திருப்பிப் பார்த்தார். "இது பி.பி. நம்பராச்சே. ஆள் இருப்பாங்களா?"

வீட்டில் போன் இல்லாதவர்கள் தெரிந்தவர்களின் நம்பரைக் கொடுக்கிற காலம் அது. குமரேசன் கொடுத்திருந்தது பொன்னுசாமி பட்டுக் கடையின் நம்பர். அவன் வீட்டார் நெய்வது அந்தக் கடைக்குத்தான்.

"எப்பவும் இருப்பாங்க சார். காலைல ஏழு மணிக்கே கடை தொறந்துடும்" என்றான், பெருமையாக.

வியாழக்கிழமை காலை, போனில் பேசுவதற்கு இன்டர்வியூ சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். அப்பா ஆற்றங்கரைக்குப் போயிருந்ததும், திலகவதி வீடு கழுவிக்கொண்டிருந்ததும் கண்ணில் பட்டன. மண்டையில் ஏறவில்லை. தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. அதுவும் காதில் ஏறவில்லை. வாய் ஆறு வரிகளை ஓட்டிக்கொண்டிருந்தது.

கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அமாவாசை. அமாவாசைக்கு அந்தத் தெருவில் தறி ஓடாது, பட்டுக் கடை திறக்காது. பொன்னுசாமி குடும்பத்தோடு மலையனூர் கோயிலுக்குப் போயிருப்பார், சாவியும் அவரோடு போயிருக்கும். நெய்கிறவனுக்கு மாதத்தில் அது ஒருநாள்தான் ஓய்வு. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பான். தறியை விட்டு எழுந்த மூன்று மாதத்தில் குமரேசன் எண்ணுவதை விட்டிருந்தான்.

என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள், பத்து இருபதுக்குக் கடைக்குள்ளே போன் அடித்தது.

பூட்டைப் பிடித்து இழுத்தான். ஷட்டரை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். பன்னிரண்டு தடவை அடித்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. "இருக்கேன் சார், இங்கதான் இருக்கேன்" என்று தகரத்தைப் பார்த்துச் சொன்னான். ஆங்கிலம் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அதுவும் நின்றது.

பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். கம்பெனி லைன் மூன்று தடவை எங்கேஜ்டு. நான்காவது தடவை கிடைத்தது.

"ரெண்டு தபா அடிச்சோம்பா. யாரும் எடுக்கல. அடுத்தவருக்குச் சொல்லிட்டோம், அவரு வரேன்னுட்டாரு" என்றார் மானேஜர். கெட்ட மனிதர் இல்லை. குரலில் வருத்தம் இருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். இரண்டாம் பாவின் கடைசிப் புடவையை முந்தின நாள் சாயங்காலமே அறுத்தாகிவிட்டது. வீரபாகு தறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நெய்யறவன் அமாவாசையை மறப்பானாடா?"

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்குப் புதுப் பாவு பிணைக்கணும். நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

திலகவதிதான் கிட்டே வந்தாள்.

"வியாழக்கிழமைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கு அமாவாசைன்னு நான் சொல்லியிருப்பேனே. நாளை எண்ணிகினு அந்தக் குழியில உக்காந்திருந்தவ நானுங்க."

அவன் தலையைத் தூக்கவில்லை. சட்டை முன்பக்கம் முழுக்க ஷட்டரின் கிரீஸ் கருப்பாக அப்பியிருந்தது.

"கழட்டிக் குடுங்க, தொவைக்கறேன்" என்றாள் திலகவதி. அவன் கழற்றிக் கொடுத்ததும் கிரீஸை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "இது போவாது."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.