அவசரப்படுத்தாதவன்

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. அக்கா ஏமாந்த செய்தி வந்ததும் சித்தப்பா, "படிச்சவளுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார். அந்தக் கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

2

முதல் தொடக்கம்: "பேராசை பெருநஷ்டம் என்பார்கள்..." (அடித்துவிட்டேன். கணவன் மூச்சுவிட வேண்டும் என்பது பேராசையா?)

இரண்டாவது: "அப்பாவியான அவள்..."

அப்பாவியா? வங்கியில் மோசடிப் புகார்களை ஃபோனில் கேட்பதுதான் அவள் வேலை. அழுகிறவர்களிடம் தினமும் சொல்வாள்: "அவசரப்படுத்துறவன்தான் திருடன். இப்பவே பணம் கட்டுன்னா ஃபோன வச்சிருங்க."*

* வீட்டிலும் இதே பாட்டுதான். காய்கறிக்காரர் "சீக்கிரம் வாங்கம்மா" என்றால்கூட முறைப்பாள்.

3

ஊரெல்லாம் காய்ச்சல். அத்தான் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். மருந்து கையிருப்பில் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்றுவிட்டார்கள். அக்கா வராந்தாவில் நின்று ஃபோனில் கடை கடையாகக் கூப்பிட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் எரிந்து விழுந்தார்கள். ஒருவன் மட்டும் நிதானமாகப் பேசினான்.

"அவசரமே இல்லம்மா. நல்லா விசாரிச்சிட்டுக் கூப்பிடுங்க. உங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன்."

அவசரப்படுத்தவில்லை, ஆகவே திருடன் இல்லை. ஊருக்குச் சொன்ன புத்தியே அவளைக் கையைப் பிடித்து அவனிடம் கூட்டிப்போனது. அவளே திரும்பக் கூப்பிட்டாள், அவளே பணம் அனுப்பினாள். மருந்து வரவில்லை. அந்த நம்பரை அதன்பிறகு யாரும் எடுக்கவே இல்லை.

(பயம் மூளையை என்ன செய்யும் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. கிழித்தேன். பயந்தவருக்கு மூளை மழுங்குவதில்லை. கதவு தேடி ஓடுகிறது. சுவரில் வரைந்த கதவும் அப்போது கதவாகத்தான் தெரியும்.)

4

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"பாவம்னு எழுதிருக்கியா?"

"இல்லக்கா."

"எழுதாத. முட்டாள்னும் எழுதாத. எல்லாரும் இல்லன்னாங்க, அவன் ஒருத்தன்தான் இருக்குன்னான். லீவு முடிஞ்சு சீட்ல உக்காந்ததும், ஃபோன் பண்றவங்ககிட்ட நானும் ஏமாந்தவதான்னு சொல்லிட்டுத்தான் பேசப்போறேன்."

"மேனேஜர் விடுவாரா?"

"விடலன்னா அதையும் எழுது."

5

அத்தான் பிழைத்தாரா என்று கேட்பீர்கள். பிழைத்தார் என்றால், போனால் போகிறது என்று அவளை மன்னிப்பீர்கள். இல்லை என்றால் பழியை அவள் தலையில் கட்டுவீர்கள். இரண்டிலும் திருடன் தப்பிவிடுகிறான். அந்த முடிவைத் தர மாட்டேன், போங்கள்.

வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அக்காவின் மேசையில் ஃபோன் அடிக்கிறது. அவள் இன்னும் வந்து சேரவில்லை. மறுமுனையில் யாரோ அழுகிறார்கள். சித்தப்பாவின் கேள்வி உங்கள் நாக்கு நுனியில் இருந்தால் அந்த ஃபோனைத் தொடாதீர்கள்.

இல்லையென்றால் எடுங்கள். முதல் வாக்கியம் உங்களுடையது.