இடக்கை முடிச்சு

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர், இறந்தவனையும் சேர்த்தால். பெஞ்சில் ஈரம் சொட்டக் கிடந்த தம்பி, அவன் கையைப் பிடித்தபடி அவன் மனைவி, சுவரோரம் அவன் மகளும் மருமகனும், செருப்பைக் கழற்றலாமா என்று வாசலில் நின்ற மீனவர் சங்கத் தலைவர், பிறகு அக்கா. ஏரியில் மூழ்கிப்போன தம்பியின் கணுக்காலில் சுற்றியிருந்த வலையை அவள் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கொசுவலை மாதிரி நைலான். சுண்டுவிரல்கூட நுழையாது. அவர்கள் வீட்டு வலையின் கண்ணியில் நாலு விரல் தாராளமாகப் போகும். குஞ்சு தப்பிப் பெருகட்டும் என்பது தம்பியின் பிடிவாதம். இந்தப் பொடிக்கண்ணி வலை வந்தபின் ஏரியில் உள்ளங்கை அளவு மீனே அரிதாகிவிட்டது. சங்கக் கூட்டம்தோறும் அதைச் சொல்லியே ஊர்ப்பகையைச் சம்பாதித்திருந்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"வெளிய ஒரு மாதிரி பேசிக்கிறாங்கக்கா. எங்களுக்கு நியாயம் சொல்லிட்டு, யாரும் பாக்காதப்ப இவரும் இதத்தான் போட்டிருக்காருன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"மீனு அழிஞ்சப்பவும் நீங்க ஒண்ணும் சொல்லல."

தலைவர் செருப்பைக் கழற்றவில்லை.

கத்தரி நின்றது. மிதவை கட்டிய முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருந்தது. காலமெல்லாம் வலை பின்னிய கண்ணுக்கு அது தப்பவில்லை. தம்பி வலக்கைக்காரன். அந்த வீட்டில் இடக்கையால் முடிச்சுப் போடுகிறவன் ஒருவன்தான். அவள் நிமிர்ந்து மருமகனைப் பார்த்தாள்.

அவன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"நாணல் ஓரமாப் போட்டிருந்தேன் அத்தை. மீனு முட்டையிடுற இடம்டா, எடுன்னாரு மாமா. நாளைக்கு எடுக்கறேன்னேன். இப்ப வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டு மானம் போயிடும். மாமா வலைன்னே இருக்கட்டும், அவர இனி யாரு கேக்கப்போறா?"

மகள் எழுந்து போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா கடைசி இழையை வெட்டினாள்.

"நம்ம வீட்டு மானம் இந்தா படுத்திருக்கு. வா வெளிய."

வலையின் ஒரு முனையை வாசல் கம்பியில் மாட்டினாள். நடுவில், அவள் கத்தரி படாத இடத்தில், கத்தி இழுத்த நீளக் கிழிசல் விரிந்தது.

"அந்த முனைய நீ பிடி. வர்றவங்க கேட்டா யாரு வலைன்னு சொல்லு."

அவன் பிடித்தான், இடக்கையால்.

தம்பி திருட்டு வலை போடப் போய்ச் செத்தான் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். இல்லை. அறுக்கப் போனான். பாதிக்குமேல் அறுத்திருந்தான்.