மூன்று நிமிட வெள்ளைத் திரை

வேலையிலிருந்து ஓய்வு என்றால் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். எஸ்டேட் சட்டம் அப்படி. கொழுந்து பறிக்கும் சாரதாவுக்கு மாதக் கடைசியில் அறுபது வயது முடிகிறது. புருஷன் தங்கராஜு பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடக்கிறார். வீட்டில் இருக்க இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கலாம் என்று மூன்று முறை ஆபீஸ் படிவரை போய், வாய் வராமல் திரும்பியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ரிங்லெட் டவுன் வழியாக மலையேறிப் புவனேஸ் வந்து சேர்ந்தாள். கோலாலம்பூரில் கலைக்கண்காட்சி வைக்கிற பெண். வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்து, போலீசுக்குத் தெரியாமல் ஊர் ஊராகக் காட்டிய பழைய படங்கள்மேல் அவளுக்குப் பைத்தியம். அதே பாணியில் தேயிலைக்காட்டைப் படமெடுத்திருந்தாள்.

"நடுவுல படத்த நிறுத்திடுவேன் ஆண்ட்டி. மூணு நிமிஷம் வெறும் வெள்ளத் திரை. பாக்குறவங்க எழுந்து மனசுல உள்ளதப் பேசணும். அதையும் ரெக்கார்ட் பண்ணுவேன்."

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் மண்டபம் எஸ்டேட்டுடையது. இடம் கொடுத்த மேனேஜரை அழைக்காமல் இருக்க முடியுமா?

ஞாயிறு மதியம், ஜன்னல்களில் உரச்சாக்கைக் கட்டி இருட்டாக்கினார்கள். படம் ஓடி, நின்றது. திரை வெளுத்தது. எண்பது பேரில் ஒருவரும் இருமக்கூட இல்லை. பூனைக்கு மணி கட்ட எல்லோருக்கும் ஆசைதான். பூனை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

சாரதா எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "ஐயா..." என்றாள். வீட்டுத் தவணையைக் கேட்க வாயெடுத்தவள், முந்தானையைத்தான் இழுத்துச் செருகினாள். பக்கத்துத் தலைகள் குனிந்தன.

மேனேஜர் திரும்பினார். "என்ன சாரதா, டாய்லெட்டா? போயிட்டு வா லா." குரலில் கோபமே இல்லை.

"ஆமாங்கய்யா."

நடந்தாள். மண்டபக் கதவைச் சாத்திவிட்டுப் போய், கக்கூஸ் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். பாழாய்ப்போன வாய்!

மாதக் கடைசியில் சட்டிபானைகளைப் பெட்டியில் அடுக்கும்போது புவனேஸ் போன் செய்தாள். கண்காட்சியில் நல்ல கூட்டமாம்.

"நீங்க எழுந்து விறுவிறுன்னு வெளிய போனீங்கல்ல ஆண்ட்டி? அதத்தான் பெரிய சுவத்துல காட்டுறோம். சத்தத்த மட்டும் வெட்டிட்டேன். என்ன துணிச்சல்னு எல்லாரும் அசந்து போறாங்க!"

"வெளிய போயி நான் எங்க போறேன்னு காட்டுறியாம்மா?"

"இல்ல ஆண்ட்டி. அது திரும்பத் திரும்ப ஓடும். கதவு சாத்துனதும் மறுபடி முதல்லேர்ந்து எழுந்து நிப்பீங்க."

போனை வைத்தாள். கட்டில் ஒன்றுதான் இன்னும் கழற்றாமல் இருந்தது. கழற்றத் தங்கராஜுவை இறக்க வேண்டும். இறக்கி எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.