ஊறுகாய்த் தண்ணீரும் ஒரு கையெழுத்தும்

டெல்பர்ட் ஸ்டாம்பர் சாவுக்குப் பயந்தவன் இல்லை. பனி கொட்டும் மலைச்சாலையில் பதினெட்டுச் சக்கர லாரியை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே சாண்ட்விச் தின்கிறவன். ஆனால் ரத்த அழுத்தம் பார்க்கிற கைப்பட்டையைக் கண்டால் மட்டும் உள்ளங்கை வேர்த்துவிடும். பின்னே என்ன? லாரி ஓட்டுகிறவன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உடம்பைக் காட்டிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். கையெழுத்து விழவில்லையென்றால் லாரி வீட்டு வாசலில் நிற்கும். லாரி நின்றால் அடுப்பும் நிற்கும்.

அதற்கு முன்பே ஒரு டாக்டரைப் பார்த்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். நன்றாகக் கேட்டீர்கள்! அமெரிக்காவில் எங்கள் மிசௌரிப் பக்கம், மருத்துவக் காப்பீடு இல்லாதவனுக்கு வயிறு வலித்தால் அவன் முதலில் பர்ஸைத்தான் தொட்டுப் பார்ப்பான். சில வருடங்களுக்கு முன்னால் சிறுநீரகக் கல்லுக்காக ஒரே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்தான் டெல்பர்ட். வந்த பில்லுக்கு ஒரு பழைய லாரியே வாங்கியிருக்கலாம். போகும்போதே எவ்வளவு ஆகும் என்று கேட்டான். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றோடு ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டான்.

இந்த முறை சான்றிதழ் முடிய ஒரு மாதம் இருந்தது. கூட்டாளி வெர்னன், லாரிக்காரர்கள் வழிவழியாக நம்புகிற ஒரு வைத்தியத்தைச் சொல்லிக் கொடுத்தான். சோதனைக்குப் போகிற காலையில் வெள்ளரி ஊறுகாய் ஊறிக் கிடக்கிற தண்ணீரைக் குடித்தால் ரத்தம் சுத்தமாகிவிடுமாம், அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடுமாம். சோதனை அன்று காலை டெல்பர்ட் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து நின்றபடியே ஒரு பெரிய ஜாடியைக் கடகடவென்று குடித்து முடித்தான்.

"வெர்னனுக்கு யாரு டாக்டர் பட்டம் குடுத்தா?" என்றாள் மனைவி க்ளென்னா, காலி ஜாடியைப் பார்த்து.

"அவன் போன தடவ பாஸ் பண்ணான்ல?"

"அவன் கல்யாணமும்தான் மூணு தடவ பண்ணான். அதையும் பாத்துச் செய்யப் போறியா?"

இருவரும் ஹார்ப்பர்ஸ் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். உள்ளே, மருந்துக் கடைக்கும் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளுக்கும் நடுவில், புதிதாக ஒரு சின்ன கிளினிக் திறந்திருந்தார்கள். சுவரில் விலைப்பலகை. தொண்டை வலிக்கு இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு, ஓட்டுநர் சான்றிதழுக்கு இவ்வளவு என்று பர்கர் கடை மாதிரி எழுதிப் போட்டிருந்தது. டெல்பர்ட் அதை மேலிருந்து கீழ்வரை படித்தான். "இது மனுஷன் வர்ற இடம்" என்றான்.

சோதிக்கவும் மருந்து எழுதவும் உரிமம் பெற்ற நர்ஸ் யோலண்டாதான் அங்கே எல்லாம். பட்டையைக் கட்டினாள், பார்த்தாள். முகம் மாறியது. கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்தாள்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க, சார்?"

டெல்பர்ட் கூரையைப் பார்த்தான். க்ளென்னா விடவில்லை. "ஒரு ஜாடி ஊறுகாய்த் தண்ணி குடிச்சாரு. முழு ஜாடி."

"அடக் கடவுளே! அம்புட்டும் உப்பு சார்! அழுத்தத்த இறக்கணும்னா உப்பையா குடிப்பாங்க?" யோலண்டா அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். "ஆனா இது வெறும் ஊறுகாய் வேல மட்டும் இல்ல. உங்களுக்கு ரொம்ப நாளாவே ஏறிக் கிடக்கு. இன்னைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

டெல்பர்ட் நாற்காலி நுனிக்கு வந்தான். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் கொறச்சு எழுதுங்க. வண்டி ஓடலன்னா நாங்க நடுத்தெருவுல நிப்போம்."

"கொறச்சு எழுதிக் குடுத்துட்டு, நடுரோட்டுல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா? பின்னாடி வர்ற கார்ல யாரு பிள்ள இருக்கும்னு தெரியுமா?" குரல் உயரவில்லை, ஆனால் அசையவும் இல்லை. "உங்களத் தேறலன்னு தள்ளவும் இல்ல. பேப்பர அப்படியே வச்சிருக்கேன். மாத்திர எழுதறேன். ஒரு வாரம் வண்டியத் தொடாதீங்க. மாசக் கடைசிக்குள்ள திரும்பி வாங்க."

மாத்திரை என்றதும் டெல்பர்ட்டின் பழைய கிலி திரும்பியது. லாரியை விற்கவேண்டி வருமோ என்றே நினைத்தபடி பக்கத்து மருந்துக் கடையில் நின்றான். அங்கிருந்த பெண் சின்ன டப்பாவை வைத்து, "நாலு டாலர்" என்றாள்.

"ஒரு மாத்திரைக்கா?"

"ஒரு மாசத்துக்கு."

டெல்பர்ட்டுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். இத்தனை வருடம் தலை பாரமாக இருந்தபோதெல்லாம் கேட்கப் பயந்து வாயை மூடிக்கொண்டு கிடந்தது ஒரு காபிக் காசு சமாச்சாரத்துக்கா? "ஒருத்தனாவது முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!" என்று அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினான். க்ளென்னா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்து வந்த வாரங்களில் வீட்டில் உப்புக்கு ஊரடங்கு. பன்றிக்கறி வறுவலைக் கண்ணால் பார்க்கக்கூட விடவில்லை அவள். சாயங்காலம் மார்க்கெட்டைச் சுற்றி நடத்திக் கூட்டிப் போனாள். "என்னப் பட்டினி போட்டே கொன்னுட்டு வெர்னனக் கட்டிக்கப் போறியா?" என்று புலம்பிக்கொண்டே நடந்தான். வீம்புக்காரன்தான், ஆனால் ஒரு மாத்திரையும் விடவில்லை.

மாதக் கடைசியில் யோலண்டா பட்டையைக் கட்டினாள். டெல்பர்ட் மூச்சைப் பிடித்தான். "மூச்ச விடுங்க சார், செத்துகித்துப் போயிடாதீங்க" என்றாள். எண்ணைப் பார்த்தாள், மறுபடியும் ஒருமுறை பார்த்தாள், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். எப்பேர்ப்பட்ட மனிதன், குழந்தை மாதிரி அந்தத் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

மனைவியிடம் காட்டத் திரும்பினான். க்ளென்னா அவனைப் பார்க்கவில்லை. சாமான் நிறைந்த தள்ளுவண்டியில் சாய்ந்து நின்று, சுவரில் இருந்த விலைப்பலகையை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நீட்டிய தாளை டெல்பர்ட் மெதுவாக மடித்தான்.

யோலண்டாவும் அதைக் கவனித்திருந்தாள். "உங்களுக்குக் கடைசியா எப்பம்மா பிரஷர் பாத்தாங்க?"

"எனக்கா? எங்க சின்னவ பொறந்தப்ப."

"சின்னவளுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

யோலண்டா பேனாவைக் கீழே வைத்தாள். லாரி ஓட்டுகிறவனையாவது சட்டம் கழுத்தைப் பிடித்து இங்கே கொண்டுவந்து உட்காரவைக்கிறது. அவன் பெண்டாட்டியை எந்தச் சட்டம் கேட்டது? அவன்தான் கேட்டானா? வெட்கத்தில் டெல்பர்ட்டுக்கு முகம் சுட்டது.

"உக்காரு, க்ளென்னா."

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஐஸ்கிரீம் உருகுது, வா போலாம்."

"உருகட்டும். உக்காருன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டாள். இயந்திரம் உறுமத் தொடங்கியபோது டெல்பர்ட் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் சான்றிதழுக்குக்கூட அவன் அவ்வளவு பயந்ததில்லை.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு" என்றாள் யோலண்டா, பட்டையைக் கழற்றிக்கொண்டே. "ஆனா நல்ல நேரத்துல வந்திருக்கீங்கம்மா. சரிபண்ணிடலாம்."

க்ளென்னாவின் கன்னத்தில் பொலபொலவென்று கண்ணீர் இறங்கியது. அத்தனை வருடக் குடித்தனத்தில் டெல்பர்ட் அதைப் பார்த்தது ரொம்பக் குறைவு.

"ஏய், எதுக்கு அழற?"

"யாரு அழுதா? பட்ட இறுக்குது" என்றாள் அவள், வெறும் கையைத் தடவிக்கொண்டு.