மணலில் எடுத்த அளவு

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சொல்லப்போவது கால்களின் கதைதான். எங்கள் எசுக் அக்பா ஊர், கவர்னர் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டத்துக்கு லாகோஸ் போன கதை. கேட்டு முடிக்கும்போது உங்கள் நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், பாருங்கள்.

நம் நைஜீரியாவில் வெள்ளைக்காரன் கொடி இன்னும் இறங்காத காலம். எங்கள் படகுத்துறையில் பனையெண்ணெய்ப் பீப்பாய் உருட்டுகிறவர்கள்தான் எங்கள் அணி. விடிந்தால் பீப்பாய், வெயில் தாழ்ந்தால் பந்து. செம்மண் திடலில் வெறுங்காலோடு ஆடி ஆடி அவர்கள் பாதம் பனங்கொட்டையாக இறுகிப்போயிருந்தது. கணுக்காலில் ஒரு துணிக்கட்டு, அவ்வளவே. அந்தக் கால்களை வைத்தே கிழக்குச் சீமை முழுவதையும் ஜெயித்துவிட்டார்கள்.

இறுதி ஆட்டம் லாகோஸில் என்றதும் எண்ணெய்ச் சந்தைப் பெண்களின் தலைவி இக்குவோ அம்மா எழுந்து நின்றாள்.

"லாகோஸ்காரன் நம்ம பிள்ளைங்க காலைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எல்லாருக்கும் பூட்ஸ் வாங்குறோம். கோப்பை இல்லாம நான் இந்தத் துறையில இறங்க மாட்டேன்!"

அளவு எடுக்க வேண்டுமே! எங்களூரில் மூத்தவள் இளையவனின் காலைத் தொடமாட்டாள். அதனால் பையன்களைத் துறையோரத்து ஈர மணலில் நடக்கவிட்டாள். பதிந்த தடங்களை ஈர்க்குக் குச்சியால் அளந்து, அந்த அளவைக் கப்பலில் வெள்ளைக்காரன் சீமைக்கு அனுப்பினாள். ஈர மணலில் தடம் அகன்று பதியும் என்பது துறையில் பிறந்த எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

பூட்ஸ் வந்தது. ஊரே கூடியிருக்க, தன் கையால் ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். ஊர் பார்க்கக் கொடுத்ததைக் கொடுத்தவள் கண்முன் கழற்றுவது, அவள் முகத்தில் விட்டெறிவதற்குச் சமம். அப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

இக்குவோ அம்மாவும் சந்தைப் பெண்களும் அணியோடு கிளம்ப, சமைத்துப் போட நானும் கப்பலில் போனேன். தலைவன் எஃபாங்கா அடுப்படிக்கு வந்து குசுகுசுத்தான்.

"அரித் அக்கா, பூட்ஸுக்குள்ள கால் நீந்துது."

"அம்மாகிட்ட சொல்லேன்டா."

"நீ சொல்றியா?"

நான் குழம்பைக் கிண்டினேன்.

"அதான் பார்த்தேன்," என்று சிரித்துவிட்டு, தலையணையிலிருந்து இலவம்பஞ்சைப் பிடுங்கி பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டான்.

லாகோஸ் திடலில் அத்தனை கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எதிரே நீலச்சட்டை அணி. எங்கள் பிள்ளைகள் சேற்றில் நடக்கும் வாத்துகளைப் போல் தடுக்கித் தடுக்கி ஓடினார்கள்.

"ஏய் எண்ணெய்க்காரங்களா! காலுக்கொரு படகு மாட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"துடுப்பை மறந்துட்டாங்கப்பா!" என்றான் இன்னொருவன்.

நீலச்சட்டைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எஃபாங்காவுக்கு அருமையான வாய்ப்பு. எதிரே கோல்காப்பாளன் மட்டும்தான். ஓங்கி உதைத்தான். பந்து ஒரு பக்கம் உருண்டது. பூட்ஸ் கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. பஞ்சு காற்றில் பூவாய்ச் சிதறியது. திடலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எஃபாங்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஓடிப்போய் அந்தப் பூட்ஸை எடுத்து, தூசு தட்டி, எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டான்.

இக்குவோ அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அரித், அவன் எதுக்குடி அதை மறுபடி மாட்டுறான்?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "நீங்க பார்க்கிறீங்கன்னுதான், அம்மா."

இடைவேளை விசில் ஊதியதும் பட்டுச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றைத் தாண்டித் திடலுக்குள் இறங்கிவிட்டாள். ஒரு போலீஸ்காரன் வழிமறித்தான்.

"தள்ளு தம்பி. என் பிள்ளைங்களைப் பார்க்கப் போறேன்."

அவன் தள்ளி நின்றான். அந்த நடையின் முன்னால் யாராக இருந்தாலும் தள்ளித்தான் நின்றிருப்பான்.

எங்கள் சந்தைத் தலைவி, பன்னீர் தெளித்து வரவேற்கப்படுகிறவள், எஃபாங்காவின் முன்னால் புல்லில் மண்டியிட்டாள். அவன் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டான்.

"ஐயோ அம்மா, என் காலைத் தொடாதீங்க!"

"அன்னைக்கே தொட்டு அளந்திருந்தா உனக்கு இந்தக் கதி வந்திருக்காது. காட்டுடா காலை! நான் கொடுத்ததை நானே எடுத்துக்குறேன். யார் முகத்துலயும் யாரும் எறியலை."

பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக் கழற்றினாள். எங்களைப் பார்த்து, "நின்னு வேடிக்கையா பார்க்குறீங்க? வாங்கடி!" என்றாள். நாங்கள் ஓடிப்போய் மற்றப் பிள்ளைகளின் பூட்ஸையும் கழற்றினோம். கழற்றிய பூட்ஸை எண்ணெய்ப் பானை சுமப்பதுபோல் தலைமேல் வைத்துக்கொண்டு, கையால் பிடிக்காமல், கழுத்து அசையாமல் வரிசையாகத் திடலைச் சுற்றி நடந்து திரும்பினோம். சிரித்த கூட்டம் மெல்ல அடங்கியது. பிறகு எங்கிருந்தோ ஒருவர் கைதட்டத் தொடங்கினார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! தரையைத் தொட்ட கால்களுக்குத் தரை வழிசொன்னது. எஃபாங்காவின் முதல் கோல் பதிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டாவதை அவன் அடித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் இரைச்சல்தான் எனக்குச் சொன்னது. "படகு" என்று கத்தினானே, அவன் எங்கள் பின்னாலிருந்து, "எண்ணெய்க்காரங்க வழுக்கிட்டுப் போறாங்கடா, பிடிக்கவே முடியலை!" என்று கூவினான்.

கடைசி விசில் வரை அந்த முன்னிலை நின்றது. வெள்ளைக்காரத் துரை கொடுத்த கோப்பையை எஃபாங்கா மேடையிலேயே வைத்துக்கொண்டிருக்கவில்லை. புழுதிக் காலோடு கூட்டத்தை விலக்கி வந்து, ஊர் உலகம் பார்க்க இக்குவோ அம்மாவின் கையில் கொடுத்தான்.

"இதோட அளவு சரியா இருக்கா, அம்மா?"

"கையில அடங்கலைடா," என்றாள் அவள். கண்ணில் நீர்.

எங்கள் துறையில் கப்பல் அணைந்தபோது முதலில் இறங்கியவள் அவள்தான். தலைமேல் கோப்பை, பின்னால் எங்கள் தலைகளில் பூட்ஸ், எங்களுக்குப் பின்னால், ஈர மணலில் அகல அகலமாய்த் தடம் பதித்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகள்.

உங்கள் வாசலில் கழற்றிப்போடும் செருப்புகள் பெருகட்டும், என் கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்தாலும், வீட்டுக்குத் திரும்பும் தடம் அழியாதிருக்கட்டும்.