ஷீட்டிலிருந்து பேசிய முதலாளி

இறந்து எட்டு மாதம் ஆன பெரியதம்பி, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, கெடாரில் நடக்கும் காதுகுத்துக்கு முந்நூறு நாற்காலி அனுப்பச் சொல்லி மெசேஜ் போட்டார்.

திண்டிவனம் குடோனிலிருந்து அந்தோணிசாமி போன் செய்தபோது, பெரியதம்பியின் மனைவி அம்சா விழுப்புரம் கடையில் ஜமுக்காளம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உக்காந்துக்கினு இருக்கீங்களா, நின்னுக்கினு இருக்கீங்களா?"

"நின்னுக்கினுதான் இருக்கேன். இன்னா சமாச்சாரம்?"

"மொதல்ல உக்காருங்க. மொதலாளி மெசேஜ் போட்டிருக்காரு."

"எந்த மொதலாளி?"

"நமக்கு எத்தினி மொதலாளிம்மா? போட்டோவோட வந்திருக்காரு. கண்ணாடி போட்டுக்கினு, அதே சிரிப்பு."

அம்சா திரும்பிக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த, கடையில் வேலை பார்க்கும் கலைப்பிரியாவைப் பார்த்தாள். கலைப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடும் கடை. ஆர்டர் எடுப்பது விழுப்புரத்தில். சாமான் இருப்பது திண்டிவனத்தில். ஆர்டர்களைக் கலைப்பிரியா கம்ப்யூட்டர் ஷீட்டில் ஏற்றுவாள், அம்சா போன் போட்டுச் சொல்லுவாள். முப்பது வருடம் பெரியதம்பியின் குரலுக்கே பழகிய அந்தோணிசாமி, "மொதலாளி இருந்தா இதுக்கு இன்னா சொல்லுவாருன்னு யோசிக்கிறேம்மா" என்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பந்தியில் முதல் வரிசை நின்றபடி சாப்பிட்டு முடித்திருக்கும். அதனால்தான் கலைப்பிரியா ஷீட்டையும் குடோன் ஆட்கள் இருக்கும் மெசேஜ் குழுவையும் கோத்துவிட்டாள். ஷீட்டில் ஒரு வரி ஏறினால் அது தானாகக் குழுவில் போய் விழும். குழுவில் கடையின் மெசேஜ் கணக்கு பெரியதம்பி பெயரில் இருந்தது. அவர் பெயர், அவர் போட்டோவோடுதான் விழுந்தது.

"அந்தோணி, அது அவரு இல்ல. ஷீட்டு."

"ஷீட்டுல இருந்து பேசுறாருன்றீங்க."

"ஷீட்டு தானா அனுப்புதுய்யா!"

"தானா எப்படிம்மா? அவரு சொல்லாம இந்தக் குடோன்ல ஒரு கரண்டி நகந்திருக்குமா?"

கெடார் நாற்காலி அரை மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை வானூர் லோடும் அப்படியே.

"பேரை மாத்திடட்டுமாக்கா?" என்றாள் கலைப்பிரியா.

"வேணாம், வுடு" என்றாள் அம்சா. "எட்டு மாசமா நான் தொண்ட கிழியக் கத்துனேன். செத்தவரு ஒரு வரி போட்டாரு, லாரி பறக்குது. பறக்கட்டும்."

பறக்கட்டும் என்று சொன்னாளே தவிர, அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பிரம்மதேசத்தில் ஒரு பெண்ணழைப்பு. அம்சா தானே போய்ப் பேசிப் பிடித்த முதல் பெரிய ஆர்டர். பெண்ணின் அப்பா மணிமாறன் முகத்துக்கு நேராகவே கேட்டிருந்தார்: "தம்பியண்ணன் இல்லாத கடைய நம்பலாமாங்க?" "நாலு மணிக்கு ஐந்நூறு நாற்காலி உங்க வாசல்ல நிக்கும். நிக்கலன்னா கடைய மூடிடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வாய்தவறிச் சொன்ன சொல் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலைதான் கலைப்பிரியாவுக்கு இன்னொரு யோசனை வந்தது. குடோன் ஆட்கள் போடும் பதிலும் ஷீட்டில் ஏறினால், யார் எப்போது ஒத்துக்கொண்டார்கள் என்று தெரியுமே! பதினொரு மணிக்கு பிரம்மதேசம் ஆர்டரை ஏற்றினாள். பன்னிரண்டுக்குப் பதிலையும் கோத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

ஷீட்டில் எந்த வரி ஏறினாலும் அது குழுவுக்குப் போகும் என்பது அவள் நினைவில் இல்லை.

இரண்டு மணிக்கு மணிமாறன் போன் செய்தார். "லாரி கெளம்பிடுச்சாங்க?"

அம்சா திண்டிவனத்துக்குப் போட்டாள். பிஸி. லாரி டிரைவர் பூமாலைக்குப் போட்டாள். ஆறாவது முறை எடுத்தான்.

"அம்மா, இங்க எல்லாரும் அழுதுக்கினு இருக்கோம். அப்பறம் பேசுறேன்."

"எதுக்குடா அழுவுறீங்க?"

"குரூப்பப் பாருங்க."

அம்சாவும் கலைப்பிரியாவும் குழுவைத் திறந்தார்கள்.

அந்தோணிசாமி: சரிங்க மொதலாளி.

பெரியதம்பி: சரிங்க மொதலாளி.

அந்தோணிசாமி: ஐயோ, என்னப் போயி மொதலாளின்னு சொல்லாதீங்க.

பெரியதம்பி: ஐயோ, என்னப் போயி மொதலாளின்னு சொல்லாதீங்க.

அந்தோணிசாமி: நான் இன்னா தப்பு பண்ணேன்? மன்னிச்சிடுங்க.

பெரியதம்பி: நான் இன்னா தப்பு பண்ணேன்? மன்னிச்சிடுங்க.

பூமாலை: அண்ணே, மொதலாளி உங்ககிட்ட மன்னிப்பு கேக்குறாரு!

பெரியதம்பி: அண்ணே, மொதலாளி உங்ககிட்ட மன்னிப்பு கேக்குறாரு!

"கடவுளே" என்றாள் கலைப்பிரியா. "சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கினு இருக்குதுக்கா."

"கீழ போ."

அந்தோணிசாமி: இனிமே மறைக்க மாட்டேன். பெரிய அண்டா காணாமப் போவல. நான்தான் பிரம்மதேசத்துல தங்கச்சி வூட்டுக்குக் குடுத்தேன்.

பெரியதம்பி: இனிமே மறைக்க மாட்டேன். பெரிய அண்டா காணாமப் போவல. நான்தான் பிரம்மதேசத்துல தங்கச்சி வூட்டுக்குக் குடுத்தேன்.

அந்தோணிசாமி: எம் பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கிறீங்களே மொதலாளி!

அதற்குக் கீழே ஒரே அழுகை. சர்ச்சில் பூசைக்குக் கொடுக்கலாமா, கோயிலில் அர்ச்சனை செய்யலாமா என்று ஒரு விவாதம். பெரியதம்பி இரண்டுக்கும் சம்மதித்திருந்தார். எங்கோ மேலே, யார் கண்ணிலும் படாமல், பிரம்மதேசம் ஐந்நூறு நாற்காலி கிடந்தது.

மணி இரண்டு இருபது. விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்தால் திண்டிவனம் போய்ச் சேரவே ஒரு மணி நேரம்.

"நிறுத்திடட்டுமாக்கா? ஒரு தட்டுதான்."

"நிறுத்துனா, மொதலாளி மறுபடியும் போயிட்டாருன்னு பொழுதன்னைக்கும் அழுவானுங்க. நவுரு."

அம்சா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஷீட்டில் ஒரு வரி அடித்தாள்: அந்தோணி, இனிமே அம்சா சொல்றதக் கேளு.

அனுப்பும் முன் கை நின்றது.

"இன்னாக்கா? சூப்பரா இருக்குதே!"

"உசுரோட இருந்தப்ப இத ஒரு தபா சொன்னதில்ல அந்த மனுசன். இப்ப சொன்னா எவன் நம்புவான்?" அழித்தாள். "எம் பேச்ச அவரு வாயால கேட்டு எனக்கு இன்னா ஆவப்போவுது? இந்தப் பேரு எங்க மாத்தறது?"

கலைப்பிரியா காட்டினாள். அம்சா தன் பெயரை அடித்தாள். கடையில் இருந்தபடியே, வியர்த்த முகத்தோடு, ஜமுக்காளம் பின்னால் தெரிய ஒரு போட்டோ எடுத்து ஏற்றினாள்.

ஏற்றியதும் நடந்ததை இருவருமே எதிர்பார்க்கவில்லை. கணக்கு ஒன்றே என்பதால், பழைய மெசேஜ்களும் மாறிப்போயின. திங்கட்கிழமை கெடார் முதல், மன்னிப்பு, அண்டா, பூசை வரை எல்லாவற்றின் பக்கத்திலும் அம்சா நின்றாள்.

அரை நிமிடத்தில் போன் வந்தது.

"அம்மா." அந்தோணிசாமியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மொதலாளி எறங்கிட்டாரு. நீங்க ஏறிட்டீங்க."

"ஆமா."

"அப்ப கெடாருக்கு அனுப்பச் சொன்னது?"

"நான்தான்."

"வானூரு?"

"அதுவும் நான்தான். எட்டு மாசமா நான்தான்யா சொல்லிக்கினு இருக்கேன்."

"என்னை மொதலாளின்னு சொன்னது?"

"அது நீ சொன்னது. திரும்பி வந்துச்சி."



"அண்டா?"

"அது நீ எடுத்தது."

அம்சா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அந்தோணி, மணி ரெண்டர. பிரம்மதேசத்துல நாலு மணிக்கு நாற்காலி நிக்கலன்னா இந்தக் கட இருக்காது. நீ இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். யோசிக்கணும்னா லாரியில உக்காந்துக்கினு யோசி."

"ஜல்தியா ஏத்துறோம்மா" என்றார் அந்தோணிசாமி.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணிமாறன் கூப்பிட்டார். அம்சா போனை எடுக்க ஒரு நொடி தயங்கினாள்.

"வந்துடுச்சிங்க. எண்ணிட்டோம், ஐந்நூறு, கரெக்டு."

அம்சா நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஒரு சந்தேகம்ங்க. நாங்க அண்டா கேக்கலியே? பெரிய அண்டா ஒண்ண எறக்கியிருக்காங்க. ரெண்டு ஆளு சேந்தும் தூக்க முடியல. உள்ள பாத்தா அர மூட்டை மல்லாட்டை கெடக்குது, உரிக்காத வேர்க்கடலை."

"அண்டா எங்களுதுங்க. வர்ற வழியில ஒரு வூட்ல ஏத்தியிருப்பாங்க" என்றாள் அம்சா. "மல்லாட்டைய அந்தோணி தங்கச்சிகிட்ட திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. அண்டாவுல நீங்க சாம்பாரு வெச்சிக்கங்க. வாடகை வேணாம்."

போனை வைத்துவிட்டு ஷீட்டில் ஒரு வரி சேர்த்தாள்: பெரிய அண்டா, 1, வந்தது.

குழுவில் அது விழுந்தது. சற்று நேரத்தில் பதில் வந்தது.

அந்தோணிசாமி: சரிங்க மொதலாளி.

அம்சா அதை இரண்டு முறை படித்தாள். அதற்குள் அவள் போட்டோவுக்குப் பக்கத்தில் கீழே இன்னொன்று விழுந்தது.

அம்சா: சரிங்க மொதலாளி.

"இந்தப் பேஜாரு புடிச்ச பதில நிறுத்திடட்டுமாக்கா?" என்றாள் கலைப்பிரியா.

"நாளைக்கு நிறுத்திக்க" என்றாள் அம்சா.